தாங்குவது அவன் கடன்

அம்மன் சந்நிதியில் கூடியிருக்கும் தாய்மாரே, ஐயாமாரே, பின்னால் வேப்பமரத்தடியில் நிற்கும் தம்பி தங்கைமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

துன்ப காலத்தில் கடவுளை நம்புவது பற்றிப் பேசும்படி கோயிலார் கேட்டார்கள். வன்னியில் நின்று இந்தப் பொருளைப் பேசுவது எளிதான காரியம் இல்லை. 2004 மார்கழியில் முல்லைத்தீவுக் கரையைக் கடல் அள்ளிக்கொண்டு போனது. 2009இல் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. 2018 மார்கழியில் வெள்ளம் வந்து, கட்டி முடித்த வீட்டுக்குள்ளும் விளைந்த வயலுக்குள்ளும் நின்றது. இந்த மூன்றையும் பார்த்தவர்கள் இந்தப் பாயில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஆறுதல் சொல்கிறேன் என்று ஒருவர் வந்து நின்று பிசகாக ஒரு வார்த்தை சொன்னாலும் அது பாவம். ஆகவே எதைச் சொல்ல மாட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

"எல்லாம் முற்பிறப்பு வினை" என்று சொல்ல மாட்டேன். வினைக் கொள்கை நம் சமயத்தில் இருக்கிறது, நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அது ஒருவர் தன் வாழ்க்கையைத் தானே திரும்பிப் பார்த்துத் தனக்குள் சொல்லிக்கொள்ள வேண்டியது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் வீட்டுக்குப் போய், தேத்தண்ணி வாங்கிக் குடித்துக்கொண்டு, "என்ன செய்யிறது பிள்ளை, அவரவர் வினை" என்று சொல்லிவிட்டு எழுந்து வருவதற்கு எந்த நாயனாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. மாத்தளனிலும் வலைஞர்மடத்திலும் பங்கருக்குள் கிடந்த கைக்குழந்தை என்ன செய்தது என்று அந்தத் தாய் திருப்பிக் கேட்டால் நம்மிடம் பதில் இருக்கிறதா? இல்லை. பதில் இல்லாத இடத்தில் பேசாமல் பக்கத்தில் இருப்பதுதான் மரியாதை.

சரி, அப்படியானால் நம் பெரியோர் என்ன சொன்னார்கள்? உங்களுக்கு ஒரு அக்காவின் கதையைச் சொல்கிறேன். அப்பர் சுவாமிகளை எல்லோருக்கும் தெரியும். அவருடைய அக்கா திலகவதியாரைப் பெயரளவில்தான் தெரிந்து வைத்திருக்கிறோம்.

திருவாமூரில் புகழனார், மாதினியார் என்ற பெற்றோருக்குப் பிறந்தவர் திலகவதியார். தம்பி மருள்நீக்கியார். அக்காவைக் கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்குப் பேசி வைத்திருந்தார்கள். கலியாணம் நடக்க முன்னமே அவர் அரசன் ஆணைப்படி போருக்குப் போய்விட்டார். அவர் போன இடத்தில் சண்டை நீண்டுகொண்டிருக்க, இங்கே தகப்பன் நோயில் காலமானார். தாயும் கூடவே போய்விட்டார். அந்தத் துக்கம் ஆற முன்னம் போர்க்களத்திலிருந்து செய்தி வந்தது, கலிப்பகையாரும் இல்லை என்று.

இந்தக் கதையை ஏழாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டுக் கதை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். இதே கதையோடு ஒரு அக்கா இந்த ஊரிலேயே இருப்பார். பக்கத்து ஊரில் இன்னொருவர் இருப்பார். தாய் தகப்பன் இல்லை, பேசி வைத்தவனும் இல்லை, கையில் ஒரு தம்பி மட்டும்.

திலகவதியார் என்ன செய்தார்? உயிரை விடத் துணிந்தார். சேக்கிழார் இதை மறைக்கவில்லை, பூசி மெழுகவும் இல்லை. அடியார்களின் வரலாற்றைப் பாட வந்தவர், ஒரு அடியார் சாக நினைத்த நேரத்தையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறார். அப்போது அந்தச் சின்னத் தம்பி அக்காவின் காலில் விழுந்து அழுதான். அம்மாவும் அப்பாவும் போன பிறகும் நீங்கள் இருக்கிறீர்கள் என்றுதான் நான் இருக்கிறேன், நீங்களும் போவதானால் உங்களுக்கு முன்னம் நான் போவேன் என்றான். தம்பி இருக்க வேண்டும் என்ற இரக்கத்தால் அக்கா இருந்தார். தாலி ஏறாத கழுத்தோடு எல்லா உயிர்களுக்கும் அருள் செய்துகொண்டு, வீட்டிலே தவம் செய்தபடி இருந்தார் என்று முடிக்கிறார் சேக்கிழார்.

அந்த இடத்தில் வானத்திலிருந்து யாரும் இறங்கி வரவில்லை. சிவபெருமான் காளை மேல் ஏறிக் காட்சி கொடுக்கவில்லை. ஒரு தம்பியின் அழுகை அக்காவைப் பிடித்து நிறுத்தியது. அவ்வளவுதான் நடந்தது. என்னைக் கேட்டால், அந்தப் பிள்ளையின் கைதான் அன்றைக்கு இறைவனின் கை.

இங்கே கொஞ்சம் நின்று ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வீட்டிலோ அயலிலோ யாராவது "இனி இருந்து என்ன" என்று சொன்னால், அதை ஒரு பேச்சாக விட்டுவிடாதீர்கள். கடவுளைக் கும்பிடு, சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டும் போகாதீர்கள். அவரைத் தனியே விடாமல் கூட இருங்கள். ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள். கோயிலுக்கும் கூட்டி வாருங்கள். இரண்டுக்கும் சண்டை கிடையாது.

பிறகு தம்பி வளர்ந்தார், அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தல்களும் வைத்தார், அப்புறம் அக்காவை விட்டு வேறு சமயத்துக்குப் போனார். அக்கா திருவதிகைக் கோயிலுக்குப் போய்க் கூட்டினார், மெழுகினார், பூ எடுத்தார். தம்பிக்காக இறைவனிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். தம்பிக்குச் சூலை நோய் வந்தது. எந்த வைத்தியமும் பலிக்காமல் அவர் இரவோடு இரவாக அக்காவைத் தேடி வந்து காலில் விழுந்தார். அக்கா திருநீறு கொடுத்து, விளக்குமாறும் சாணமும் தோண்டியும் எடுத்துக்கொண்டு, விடிய முன்னம் கோயிலுக்குக் கூட்டிப் போனார். "கூற்றாயினவாறு விலக்ககிலீர்" என்ற முதற்பாட்டு அங்கே பிறந்தது. அந்தப் பாட்டைக் கேளுங்கள். எமன் போல வந்த இந்த நோயை விலக்க மாட்டேன் என்கிறீரே என்று எடுத்த எடுப்பிலேயே முறைப்பாடு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறுகிற மனிதன் பாடியது அது.

நோய் தந்து ஆட்கொண்டார் என்று அப்பர் வரலாறு சொல்கிறது. அதை அப்பர் தன்னைப் பற்றிச் சொல்லலாம். புற்றுநோயோடு படுத்திருக்கிறவரிடம் போய் "உன்னை ஆட்கொள்ளத்தான் தந்தான்" என்று சொல்ல எனக்கும் உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை.

முறைப்பாடு என்று சொன்னேன். கடவுளிடம் கோபிக்கலாமா, கேள்வி கேட்கலாமா, அது நம்பிக்கைக் குறைவு ஆகாதா என்று பலர் பயப்படுகிறார்கள். சுந்தரர் பார்வை இழந்து, ஒரு கண் மட்டும் திரும்பக் கிடைத்து, மற்றக் கண் தெரியாமல் இருந்த காலத்தில் திருவாரூரில் நின்று பாடியதைச் சொல்கிறேன். உமக்கே ஆளாகி, வேறு யாரையும் வேண்டாமல், "மூளாத் தீப்போல் உள்ளே கனன்று முகத்தால் மிகவாடி" நிற்கிற அடியார்கள் தங்கள் துன்பத்தைச் சொன்னால், நீர் பேசாமல் இருப்பீர், நன்றாக வாழ்ந்து போம் என்கிறார். தெய்வத்தின் முகத்துக்கு நேரே சொன்னார். அந்தப் பாட்டைத் திருமுறையிலிருந்து யாரும் எடுத்துப் போடவில்லை. ஏழாம் திருமுறையில் வைத்து இன்றைக்கும் ஓதுகிறோம்.

சுடர் விட்டு எரியாமல் உள்ளுக்குள்ளே கனன்று, முகம் வாடிப்போன மனிதர்களை நான் கிளிநொச்சியில் பார்த்திருக்கிறேன். 2017 பெப்ரவரி 20 அன்று கந்தசுவாமி கோயில் முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, முருகன் வாசலில். அவர்களில் பலர் பிள்ளையைப் பற்றி ஒரு பதிலும் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். அவர்களுக்கு நம்பிக்கை இல்லை என்று யாராவது சொல்லத் துணிவார்களா? கேட்பதற்கு ஒருவன் இருக்கிறான் என்று நம்புகிறவர்தான் வாசலில் போய் உட்கார்ந்து கேட்பார்.

வன்னியின் தாய் யார் என்று கேட்டால் வற்றாப்பளையைக் காட்டுவோம். நந்திக்கடல் ஓரத்தில், மாடு மேய்த்த பிள்ளைகள் முன்னால் ஒரு கிழவியாக வந்தாள் கண்ணகி என்பது நம் முன்னோர் சொன்ன கதை. பிள்ளைகள் பொங்கிக் கொடுத்தார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை, கடல் தண்ணீரை விட்டு ஏற்றுங்கள் என்றாள், எரிந்தது. இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்குச் சிலாவத்தைக் கரையில் தீர்த்தம் எடுத்து உப்புத் தண்ணீரில் விளக்கு எரிக்கிறோம். எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் யார் அந்தக் கிழவி? அரசு செய்த அநியாயத்தில் புருஷனைப் பறிகொடுத்த பெண். அரண்மனை வாசலில் தனியே நின்று நியாயம் கேட்ட பெண். உலகத்தில் எத்தனையோ தெய்வ வடிவங்கள் இருக்க, இந்த மண் அப்படிப்பட்ட ஒருத்தியின் காலடியில் நூற்றாண்டுகளாக விழுந்து கும்பிடுகிறது. நம் துன்பம் என்னவென்று அவளுக்கு நாம் விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

இனி கடினமான கேள்விக்கு வருகிறேன். அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டார்கள், கல் மிதந்தது. அப்படியானால் எங்கள் பிள்ளைக்கு ஏன் மிதக்கவில்லை?

நம்முடைய கத்தோலிக்கச் சகோதரர்களும் இதே கேள்வியோடுதான் இருக்கிறார்கள். 1670ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தரின் துன்புறுத்தலுக்குத் தப்பி மாந்தையிலிருந்து மாதா சொரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் போனவர்களின் வரலாறு மடுவின் வரலாறு. அந்த மடு வளவுக்குள் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மேல் 1999 நவம்பரில் எறிகணை விழுந்து பலர் இறந்தார்கள். 2008 ஏப்ரலில் மாதா சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது. இருந்தும் ஆவணித் திருவிழாவுக்குச் சனம் இலட்சக்கணக்கில் போகிறது. அந்தச் சனத்துக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை.

ஏன் மிதக்கவில்லை என்பதற்கு என்னிடம் விடை இல்லை. ஆனால் அப்பரே கல் மிதக்கும் என்று கணக்குப் போட்டுப் பாடியவர் இல்லை என்பதை மட்டும் சொல்ல முடியும். கயிறு கட்டியிருந்தபோது, தண்ணீர் சூழ்ந்தபோது அவர் பாடியது "நற்றுணையாவது நமச்சிவாயவே" என்று. துணை இருக்கிறது என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. பிறகு கடம்பூரில் அவர் பாடிய வரி உங்களுக்கு மனப்பாடம்: "தன் கடன் அடியேனையும் தாங்குதல், என் கடன் பணி செய்து கிடப்பதே." இந்தப் பாட்டில், எனக்குத் துன்பமே வராது என்று அப்பர் சொல்லவில்லை. இரணைமடுக் குளக்கட்டு மழையை நிறுத்துவதில்லை. 2018இல் வான்கதவுகளைத் திறந்துவிட வேண்டித்தான் வந்தது. ஆனாலும் கட்டு நின்றது, அதை நம்பித்தான் அடுத்த போகமும் விதைத்தோம்.

அந்த வரியின் இரண்டாம் பாதியை நாம் வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். பணி செய்து கிடப்பது. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது நடந்ததைப் பாருங்கள். அப்பரும் சம்பந்தரும் அங்கே இருந்தார்கள். இறைவன் மழையைக் கொட்டவில்லை. இருவருக்கும் நாளுக்கு ஒரு பொற்காசு படியில் வைத்தான். அதைக் கொண்டு அரிசி பருப்பு வாங்கி, ஆளுக்கொரு மடத்தில் சமைத்து அவர்கள் சனத்துக்குச் சோறு போட்டார்கள். சம்பந்தர் மடத்தில் சாப்பாடு பிந்தியது. விசாரித்தால், அவருக்குக் கிடைத்த காசை மாற்றக் கடைக்காரர் வட்டம், அதாவது கழிவு, கேட்கிறார்களாம். "வாசி தீரவே காசு நல்குவீர்" என்று அவர் அதையும் இறைவனிடமே கேட்டார். அப்பர் காசில் குறை இல்லாததற்குக் காரணம், அவர் உழவாரம் பிடித்துக் கையால் வேலை செய்கிறவர் என்பது. இந்தக் காரணத்தை நான் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன், 2009க்குப் பிறகுதான் அது எனக்குள் இறங்கியது.

ஏனென்றால் அந்தப் பஞ்சத்தை நாமும் பார்த்தோம். முள்ளிவாய்க்காலில் அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் போட்ட கஞ்சி. ஷெல் விழுகிற நேரத்திலும் யாரோ அடுப்பு மூட்டினார்கள். யாரோ கிடாரத்தைத் துழாவினார்கள். யாரோ பாத்திரத்தோடு வரிசையில் நின்ற பிள்ளைக்கு ஊற்றினார்கள். வைகாசியில் அந்தக் கஞ்சியை இன்றைக்கும் காய்ச்சிப் பகிர்கிறோம். கடவுள் அன்றைக்கு எங்கே இருந்தார் என்று யாராவது என்னைக் கேட்டால், எனக்குத் தெரிந்த ஒரே இடத்தைத்தான் காட்ட முடியும். அந்த அடுப்படியை.

ஆகவே இந்தக் கோயிலிலே ஒரு காரியம் கேட்டுவிட்டு இறங்குகிறேன். நம் ஊர்களில் குடும்பத்தைத் தனியே சுமக்கிற பெண்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். புருஷனைப் போரில் இழந்தவர்கள், எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் பொட்டு வைப்பதா அழிப்பதா என்று தவிக்கிறவர்கள். கோயிலைக் கூட்ட அவர்களைக் கூப்பிடுகிறோம், அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டக் கூப்பிடுகிறோம். நிறைகுடம் வைக்கிற நேரத்தில், பொங்கல் பானைக்கு முதல் அரிசி இடுகிற நேரத்தில், அவர்களாகவே பின்னால் ஒதுங்கி நிற்கிறார்கள். ஒதுங்கச் சொல்லிப் பழக்கியது நாம். திலகவதியாரைக் குருபூசையில் வைத்துக் கும்பிடுகிற நாம், கண்ணகிக்குப் பொங்குகிற நாம்.

வருகிற திங்கட்கிழமை இங்கே பொங்கல். முதற்பிடி அரிசியை இந்த ஊரில் புருஷனை இழந்த ஒரு அம்மா இட வேண்டும். பரிபாலன சபைத் தலைவர் ஐயா இதோ முன்னால் இருக்கிறார், குருக்கள் ஐயாவும் இருக்கிறார். அவர்கள் இரண்டு பேரையும் சபையில் வைத்துக் கேட்கிறேன்.