தட்டில் ஒரு பெயர், மேடையில் ஆறு பேர்

(காரைக்குடியில் நடந்த இசைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, நகரக் கோயில்களிலிருந்து வந்து முன்வரிசையைச் சிறப்பித்திருக்கும் அறங்காவலர் பெருமக்களே, அழகப்பா பல்கலைக்கழகப் பேராசிரியர்களே, மாநகராட்சி உறுப்பினர்களே, தேவகோட்டையிலிருந்தும் கோட்டையூரிலிருந்தும் வெயிலைப் பாராமல் வந்திருக்கும் அண்ணன்மார்களே, ஆச்சிமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

மல்லாரி வாசித்து இந்த அவையைத் தொடங்கிவைத்த மேளத்தாருக்குத் தனி வணக்கம். விழா நோட்டீஸில் நாயன (நாகஸ்வர) வித்வான் பெயர் ஒன்றுதான் இருக்கிறது. இரண்டாம் நாயனம், தவில் இரண்டு, சுருதி, தாளம் ஆகிய ஐவர் பெயரும் இல்லை. கேட்டுக்கொண்டவுடன் ஆறு பெயரையும் ஒலிபெருக்கியில் வாசித்த விழாச் செயலாளர் அவர்களுக்கு நன்றி. நான் பேச வந்ததில் பாதியை அவர்கள் செய்துவிட்டார்கள்.

பழைய மேள செட்டுகள் எந்த நாளில் எந்த இசைத்தட்டுக்கு வாசித்தன, அன்று உடன் வாசித்தவர் யார் யார் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? தட்டு சொல்லும் சாட்சி, கணக்கு சொல்லும் சாட்சி, நாயனம் வாசித்த பெண்களின் வரலாறு என்று மூன்று பகுதியாகச் சொல்ல எண்ணம்.

கணக்கு எழுதி வளர்ந்த ஊர் நம்முடையது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். கல்யாணத்துக்குப் பணத்தை ஆறாகச் செலவழித்த வீட்டிலும் ஒவ்வோர் அணாவுக்கும் கணக்குச் சிட்டையில் ஒரு வரி எழுதியிருக்கும். அந்தச் சிட்டையும் இசைத்தட்டும் ஒரே வீட்டுப் பெட்டகத்தில் அடுத்தடுத்து இருப்பது இந்த மண்ணுக்கு வாய்த்த நல்லூழ்.

முதலில் தட்டு. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டில், லேபிளில் அச்சான எண்ணைப் பார்த்து ஆண்டு சொல்லிவிடக் கூடாது. அது கம்பெனி விற்பனைக்கு வெளியிட்ட எண். வாசித்த நாளோடு உறவுள்ளது, வாசிக்கும்போதே ஒலியைப் பதிந்த மெழுகு அச்சில் விழுந்த எண். லேபிளுக்கும் கடைசி வரிப் பள்ளத்துக்கும் இடையே மழமழப்பான வளையத்தில் அது பொறித்திருக்கும். நேர் வெளிச்சத்தில் தெரியாது. டார்ச்சைத் தட்டின் விளிம்போடு சாய்த்துப் பிடித்தால் நிழல் விழுந்து எழும்பும். பக்கத்தில் சிறு எண்ணோ எழுத்தோ தனியாக இருந்தால், அது பெரும்பாலும் எத்தனையாவது முறை வாசித்ததை எடுத்தார்கள் என்பதைக் குறிக்கும். லேபிள் எண் ஒன்றாயிருந்தும் இந்தச் சிறு எண் மாறினால், இரண்டும் வேறு வேறு வாசிப்பு. இரட்டை என்று நினைத்து ஒன்றை விற்றுவிடாதீர்கள்.

அச்சு எண்கள் அடுத்தடுத்து வந்தால் ஒரே இடத்தில் ஒரே நாளிலோ அடுத்த நாளிலோ பதிந்தவை என்று கொள்ளலாம். ஒரு தட்டின் இரண்டு பக்கத்து எண்களும் வெகுதூரம் விலகியிருந்தால், ஒரு பக்கத்தில் வாசித்த தவில்காரரே மறுபக்கத்திலும் வாசித்தார் என்று எழுதக் கூடாது. மிகுதியான பிழைகள் இங்கேதான் நேர்கின்றன. அந்த நாளில் வெளிநாட்டில் தட்டு அச்சடித்த கம்பெனிகளுக்கு, மெழுகு அச்சு கப்பலேறிப் போய்த் தட்டாகத் திரும்பிவர மாதங்கள் ஆகும். ஆகவே கடைக்காரர் ரசீதில் உள்ள தேதியும் வாசித்த தேதி ஆகாது.

அடுத்தது காது. நாயனத்துக்குச் சுருதிதான் அடையாளம். திமிரி என்ற நாயன வகை உயர்ந்த சுருதி, சுருதியை அளக்கும் கட்டைக் கணக்கில் 4, 5 கட்டை வரை போகும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பரப்பிய பாரி நாயனம் 2, இரண்டரைக் கட்டையில் நிற்கும். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி கைவண்ணம் அதில் இருக்கிறது. அந்த ஆசாரியின் பெயரையும் மேடையில் சொல்லிப் பழகுவோம். 78 என்று அச்சடித்திருந்தாலும் எல்லாத் தட்டும் 78 சுற்றில் பதிந்தவை அல்ல. 74 சுற்றில் பதிந்ததை 78-ல் ஓடவிட்டால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறும். 2 கட்டை நாயனம் இரண்டரையாகக் கேட்கும், ‘இது வேறு கருவி, வேறு செட்’ என்று எழுதிவிடுவார்கள். அதே வித்வானின் வேறு தட்டுகளோடு வைத்துப் பார்த்துச் சுற்றைத் திருத்திய பிறகே சுருதியைக் குறியுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் தனித்தனியாகப் பாருங்கள். பதிந்த இயந்திரமே நடுவில் தளர்ந்திருக்கலாம்.

எத்தனை நாயனம் என்று அறிய, மூச்சு எடுக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். ஒருவர் மூச்சு எடுக்கும்போது ஸ்வரம் அறுபடாமல் நின்றால் இரண்டாம் நாயனம் இருக்கிறது. ஒரே ஸ்வரத்தை நீட்டி நிற்கும் கார்வையில், நாயனத்தின் ஊதுவாயான சீவாளி இரண்டுக்கும் சுருதியில் மயிரிழை வித்தியாசம் இருந்தால் ஒலி அலை அலையாய்த் துடிக்கும். தவிலுக்கு அதன் வலப்பக்கமான வலந்தலையைக் கேளுங்கள். விரலில் மாட்டும் கெட்டியான விரல்கூடு போட்ட அடி இரண்டு வேறு சுருதியில் விழுந்தால் இரண்டு தவில். கணினியில் ‘டிக் டிக்’ ஓசையை நீக்கும் வசதியை இயக்கிவிட்டுக் கேட்காதீர்கள். விரல்கூட்டின் கூர்மையான அடியையும் அது கீறல் என்று எண்ணி வழித்துவிடும். மூலப் பதிவில் ஒன்றையும் நீக்காமல் 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் எடுத்து வைத்துவிட்டு, நகலில் வேண்டியதைச் செய்துகொள்ளலாம். ஊசி 78-க்கு உரியதாக, முனை 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) அளவில் இருக்க வேண்டும். எல்.பி. ஊசி பள்ளத்தின் அடியில் போய் உரசும்; இரைச்சல்தான் வரும். பழைய கிராமபோன் பெட்டியில் போடவே வேண்டாம், அதன் எஃகு ஊசியும் தலைப்பாரமும் தட்டை அறுத்துவிடும்.

தவில் மெல்லக் கேட்கிறது என்பதற்காக அது சிறிய தவில்காரர் என்று முடிவு கட்டக் கூடாது. 1925-க்குப் பிறகுதான் மின் ஒலிப்பதிவு உலகில் பரவியது. அதற்கு முன்பு எல்லாம் ஒலியை வாங்கி ஊசிக்கு அனுப்பும் தகரக் குழாய். குழாய்க்கு அருகில் தவிலை ஓங்கி அடித்தால் மெழுகில் ஓடும் ஊசி தடம் புரளும். அதனால் தவிலைத் தள்ளி உட்கார வைப்பார்கள். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் போன்ற மேதையே வாசித்தாலும் அந்த முறையில் அடங்கித்தான் கேட்டிருக்கும். 1902-ல் கல்கத்தாவில் பாடிய கௌஹர் ஜான் தட்டின் முடிவில் தன் பெயரைத் தானே சொல்வார். அச்சு வெளிநாடு போகும்போது ஆள் மாறிவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. பாடியவருக்கு அந்த வாய்ப்பு இருந்தது, பின்னால் தபேலா வாசித்தவருக்கு இல்லை.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் நகர முடியாது. ஏவி. மெய்யப்பச் செட்டியார் 1907-ல் இதே காரைக்குடியில் பிறந்தவர். தந்தையார் ஆவிச்சிச் செட்டியார் கடையில் கிராமபோன் தட்டும் விற்றார்கள். தட்டு விற்ற இளைஞர், தட்டு போடும் தொழிலுக்கே போனார். 1932 வாக்கில் சென்னையில் கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஜெர்மனியின் ஓடியன் கம்பெனியோடு ஏற்பாடு. பிறகு பேசும் படம். 1935-ல் எடுத்த முதல் படம் கையைச் சுட்டது. ஆனாலும் விடவில்லை. 1938-ல் வந்த ‘நந்தகுமார்’ படத்தில் நடித்தவர் குரல் சரிப்படவில்லை என்று லலிதா வெங்கட்ராமனை வைத்துப் பாட வைத்தார்கள். தமிழில் பின்னணிப் பாட்டுக்குத் தொடக்கம் என்று அதைச் சொல்கிறார்கள். 1945-ல் ‘ஸ்ரீவள்ளி’. திரையில் வள்ளியாக நின்றவர் ருக்மிணி, காதில் விழுந்த குரல் பி.ஏ. பெரியநாயகி. தட்டுக் கடையில் பழகிய காது அல்லவா, குரல் தவறினால் பொறுக்கவில்லை! அப்புறம், பெரியவர்களுக்குத் தெரியும், இதே தேவகோட்டை ரோட்டில் கீற்றுக் கொட்டகை போட்டு ஸ்டூடியோ அமைத்தார்கள். 1947 பொங்கலையொட்டி வந்த ‘நாம் இருவர்’ இங்கே உருவான படம். டி.கே. பட்டம்மாளின் குரலில் பாரதி பாட்டு இந்த ஊரிலிருந்து தமிழ்நாடு முழுக்கப் போயிற்று. ஸ்டூடியோ பின்னால் வடபழனிக்குப் போய்விட்டது. ஆனால் ஒலிப்பதிவுக்கு வந்து போன வாத்தியக்காரர்களின் தடம் இந்த ஊர் வீடுகளில் இன்னும் இருக்கும். வண்டிச் சத்தம், சாப்பாட்டுக் கணக்கு, அடையாளம் எழுதாத புகைப்படம் என்று எந்த உருவிலும் இருக்கலாம். பெரியநாயகி பெயராவது நிலைத்தது. அவருக்குப் பின்னால் வாசித்தவர்களின் பெயர் எங்கே?

அதற்குத்தான் கணக்கு. கல்யாணச் சிட்டையில் ‘மேளம்’ என்ற தலைப்பை மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். அங்கே ‘இன்னார் வகையறாவுக்கு’ என்று ஒரே வரியில் முடிந்திருக்கும். ஜவுளிக் கணக்குக்குப் போங்கள். மேளகாரருக்கு எத்தனை வேஷ்டி எடுத்தார்கள் என்று பாருங்கள். ஆறு என்றால் ஒரு முழு செட். ஏழு என்றால் செட்டுக்கு வெளியிலிருந்து தனியாக அழைத்த ஸ்பெஷல் தவில் வந்திருக்கக்கூடும். ரயில் சார்ஜ் எந்த ஊரிலிருந்து கொடுத்தார்கள், அச்சாரம் யார் கையில் போயிற்று என்று பாருங்கள். பெயர்கள் அங்கே சிதறிக் கிடக்கும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட்டவர்கள் எழுதிய ஏடு அது, வீண்போகாது.

தேதியில் ஒரு கண்ணி. ‘தாது வருஷம் தை மாதம்’ என்றிருந்தால் 1936 என்று எழுதிவிடுகிறார்கள். தாது வருஷம் 1936 ஏப்ரலில் பிறந்தது, அதன் தை 1937 ஜனவரியில் வரும். தை, மாசி, பங்குனி மூன்றிலும் இந்தத் தவறு நேரும், கல்யாணம் மிகுந்த மாதங்களும் அவற்றில்தான் இருக்கின்றன. இன்னும் பழைய ஏடானால், பஞ்சம் வந்த 1876-ம் ஒரு தாதுதான் என்பதை மறக்கக் கூடாது.

புகைப்படத்தில் தவில்காரரின் குச்சியைப் பாருங்கள். வழக்கமாகக் குச்சி இடக்கையில், விரல்கூடு வலக்கையில். எல்லோரும் மாற்றிப் பிடித்திருந்தால் கண்ணாடி நெகட்டிவைத் திருப்பி அச்சடித்திருக்கிறார்கள். அப்படியே விட்டால் வலப்புறம் உட்கார்ந்தவர் பெயர் இடப்புறத்தவருக்குப் போய்விடும். படம் சரியாக இருந்தாலும் அதை மட்டும் நம்பித் தட்டில் வாசித்தவர் பெயரை எழுத வேண்டாம். கல்யாணத்துக்கு வந்த தவில் வேறு, ஒலிப்பதிவுக்குப் போன தவில் வேறாக இருக்கலாம். அச்சு எண், காது, ஏடு ஆகியவற்றில் இரண்டேனும் ஒத்துப்போன பிறகே பெயரை எழுதுங்கள். ஒன்று மட்டும் சொன்னால் பென்சிலில் கேள்விக்குறியோடு குறித்து வையுங்கள்.

தலைவர் அவர்கள் அன்போடு கூடுதல் நேரம் தந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் பொறுமையோடு கேட்கும் அவைக்கும் நன்றி. நாயனம் வாசித்த பெண்களைப் பற்றி, மதுரை பொன்னுத்தாய் அம்மையாரிலிருந்து தொடங்கிப் பேச வேண்டும்; அதை இன்னோர் அவைக்கு ஒத்திவைக்கிறேன். அதைவிட அவசரமான ஒன்றை இப்போது கேட்க வேண்டியிருக்கிறது.

வீடுகள் பிரிகின்றன. நிலைக்கதவுக்கும் தூணுக்கும் விலை பேச ஆள் வருகிறார்கள். தட்டுப் பெட்டி பழம்பொருள் கடைக்கும், சிட்டை எடைக்கும், புகைப்படம் சட்டத்துக்காக வேறு கைக்கும் போகிறது. மூன்றும் மூன்று திசையில் போன பிறகு, உலகத்தில் எந்த நிபுணராலும் அந்தச் செட்டைத் திரும்பக் கூட்ட முடியாது. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். தாளில் அச்சானது எதையும் ஒதுக்காமல் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, சென்னையில் அவர் பெயரிலேயே நூலகம் அமைய வழி செய்தது. தாளுக்கு ஒருவர் செய்தார். ஒலிக்கு நாம் செய்ய வேண்டாமா?

அறங்காவலர் பெருமக்களிடமும் மாநகராட்சியிடமும் கேட்பது இவ்வளவுதான்: காரைக்குடியில் ஓர் அறை, 78 ஊசி பொருத்திய ஒரு டர்ன்டேபிள், ஒரு கணினி, இசை தெரிந்த ஓர் ஆள். தட்டு உங்கள் வீட்டுச் சொத்தாகவே இருக்கட்டும். பதிந்துகொண்டு, ஏட்டைப் படம் எடுத்துக்கொண்டு, திருப்பித் தந்துவிடலாம். கோயில் திருவிழா நோட்டீஸில் இந்த ஆண்டு முதல் மேளத்தார் ஆறு பேர் பெயரும் அச்சாகட்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடும் ஊரில் நாலு வரி கூடுதல் அச்சு பாரமாகாது.

ஆச்சிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டகத்தில் தட்டு அகப்பட்டால் ஸ்பிரிட்டோ சென்ட்டோ தொட்டுத் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். வெயிலில் வைக்காதீர்கள், வளையும். படுக்கவைத்து அடுக்காதீர்கள், அடியில் உள்ளது விரிசல் விடும். புத்தகம்போல் நிறுத்தி வையுங்கள். உறை கிழிந்திருந்தாலும் எறியாதீர்கள், அதில் கடை முத்திரை இருக்கலாம். பெட்டகத்தில் எந்த ஏட்டோடு, எந்தப் படத்தோடு சேர்ந்து கிடந்ததோ அதை ஒரு துண்டுத் தாளில் எழுதித் தட்டோடு வையுங்கள். எழுத மென்மையான பென்சில் போதும், பேனா மை வேண்டாம். கூட்டம் முடிந்ததும் வாசலில் உள்ள மேசையில் உங்கள் வீட்டுப் பெயரையும், என்ன இருக்கிறது என்பதையும் பதிந்துவிட்டுப் போங்கள். வணக்கம்.