பல் கிளிப்புக்கு 40,000 ரூபாயா? கொஞ்சம் பொறுங்கள்!

பிள்ளைக்கு முன்பல் தூக்கலாக இருக்கிறது, கிளிப் போடலாம் என்று போனால் 40,000 ரூபாய் என்கிறார்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால்? கணக்குப் போடவேண்டாம், நமக்கே பல் வலிக்கும். இதே வேலையை இதைவிட மிகக் குறைந்த செலவில் செய்ய ஒருவர் காத்திருக்கிறார். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே காத்திருக்கிறார்.

எங்கே? பல் மருத்துவக் கல்லூரியில். சென்னையில் அரசுக் கல்லூரி ஃபோர்ட் ஸ்டேஷன் பக்கம் இருக்கிறது, 1953-இல் தொடங்கியது. தனியார் கல்லூரிகளிலும் மருத்துவமனை உண்டு. வரலாறு போதும்.

காத்திருப்பவர் எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. (முதுநிலை) டாக்டர். பி.டி.எஸ். என்ற பல் மருத்துவப் பட்டப்படிப்பை 5 வருடம் முடித்து, பல் சீரமைப்பு மட்டும் 3 வருடம் படிக்க வந்தவர். கேஸ் பார்த்தால்தான் அவருக்குப் படிப்பு. அதனால் நம் பிள்ளையின் கோணல் பல் நம்மைவிட அவருக்குத்தான் அவசரம்!

"ஐயோ, என் பிள்ளை வாயிலா பழகுவார்கள்?" என்கிறீர்கள். பழகுவது வேறொரு வாயில், பொம்மை வாயில். அதன் பெயர் டைபோடான்ட். எனக்கு இதில் தனி மயக்கம். மெழுகு ஈறில் பல் வரிசையைக் கோணல்மாணலாகப் பதித்து, கிளிப் ஒட்டி, கம்பி கட்டி, அப்படியே வெந்நீரில் முக்குவார்கள். மெழுகு இளகும், கம்பி இழுக்கும், பல் நகரும். எடுத்து ஆறவைத்து அடுத்த கம்பி, மறுபடி வெந்நீர். தூரத்திலிருந்து பார்த்தால் முட்டை அவிக்கிறார்கள் என்றுதான் நினைப்போம். நிஜ வாயில் மெழுகுக்குப் பதில் எலும்பு. பல் நகர்கிற பக்கம் எலும்பு கரைந்து வழிவிடும், விட்டு வந்த பக்கம் புதிதாக வளரும். வெந்நீரில் நிமிடக் கணக்கு, வாயில் ஒன்றரை இரண்டு வருடக் கணக்கு. அவசரப்பட்டு இறுக்கினால் பல் வேர் தேயும். அதனால்தான் பேராசிரியர் பார்த்துச் சரி சொன்ன பிறகே அடுத்த கட்டம்.

இப்போது முக்கியமான விஷயம். வேலை 2 வருடம், அவர் படிப்பு 3 வருடம். மூன்றாம் வருடக்காரரிடம் தொடங்கினால் பாதியில் அவர் பட்டத்தோடு கிளம்பிவிடுவார், பிள்ளை ஜூனியரிடம் கைமாறும். ஆகவே ஓ.பி. சீட்டு போட்டு உள்ளே போனதும், "ஃபர்ஸ்ட் இயர் பி.ஜி. யாராவது எடுப்பார்களா?" என்று கேளுங்கள். எக்ஸ்ரே, ரிடெய்னர் (கிளிப் கழற்றிய பிறகு பல் நகராமல் பிடித்துவைப்பது) எல்லாம் சேர்த்து எவ்வளவு என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

மிச்சமாகும் பணத்துக்கு ஈடாக நேரம் போகும். தனியார் கிளினிக்கில் 20 நிமிட வேலைக்கு இங்கே அரை நாள் உட்காரவேண்டியிருக்கும், அதுவும் மாதாமாதம். ஒவ்வொரு முறையும் உங்களுக்கு ஒரு நாள் கூலி போகும் என்றால் அதையும் கழித்துப் பாருங்கள். என் கருத்து? கிளிப்புக்கு இந்த அலைச்சல் தகும், ஒரே ஒரு சின்னச் சொத்தைக்குத் தகாது.

அப்புறம், கிளிப் கழற்றியதும் ரிடெய்னர் தருவார்கள். போடாவிட்டால் பல் பழைய இடத்துக்கே கிளம்பிவிடும். சாப்பிடும்போது அதைக் கழற்றி டிஷ்யூவில் சுற்றிவைத்துக் குப்பையில் போட்ட பிள்ளை உங்கள் வீட்டிலும் உண்டா? கமெண்டில் கையைத் தூக்குங்கள்.