ஐந்தாம் எண் ஹெலிகாப்டர்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ராணுவ நடவடிக்கையைக் கவிழ்ப்பது கருவிக் கோளாறா, கட்டளைக் கோளாறா? ஈரானில் சிக்கிய பணயக்கைதிகளை மீட்க 1980 ஏப்ரல் 24 அன்று அமெரிக்கா எடுத்த முயற்சியை எதிரணி நண்பர் எடுத்துவைத்தார். "ஹெலிகாப்டர்கள் பழுதாகிவிட்டன, தளபதி என்ன செய்வார்?" என்று கேட்டுக் கைதட்டும் வாங்கினார். அவர் கணக்கையே நானும் போடுகிறேன்.

நிமிட்ஸ் கப்பலிலிருந்து கிளம்பியவை 8. குறைந்தது 6 இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும் என்று முன்பே வரம்பு வைத்திருந்தார்கள். நல்ல வழக்கம்தான். ஒன்று சுழலிறக்கையில் விரிசல் எச்சரிக்கை வந்து வழியிலேயே நின்றது. இன்னொன்று ஈரான் பாலைவனத்தில் எல்லோரும் கூடி எரிபொருள் நிரப்ப வேண்டிய 'டெசர்ட் ஒன்' என்ற இடம்வரை வந்து, ஹைட்ராலிக் கோளாறால் படுத்தது. எட்டில் இரண்டு போனால் ஆறு. வரம்பு தாண்டவில்லையே ஐயா!

கவிழ்த்தது ஐந்தாம் எண். புழுதி மண்டலத்துக்குள் அதன் கருவிகள் சில செயலிழந்தன, உண்மை. ஆனாலும் அது பறந்துகொண்டுதான் இருந்தது. விமானி கப்பலுக்கே திரும்பினார். மிஞ்சியது ஐந்து; வரம்புக்குக் கீழே போனதால் முயற்சியே கைவிடப்பட்டது. டெசர்ட் ஒன்னில் வானம் தெளிவாக இருந்தது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முடிவு மாறியிருக்கலாம் என்று பின்னர் ஆய்வுக்குழுவே எழுதியது. புழுதி வரக்கூடும் என்ற குறிப்பு வானிலை அதிகாரிகளிடம் இருந்தது. ஆனால் ரகசியம் காக்க, அவர்கள் விமானிகளோடு நேரில் பேச வழியில்லாமல் செய்திருந்தார்கள். இது எந்த இயந்திரத்தின் பழுது?

டெசர்ட் ஒன்னுக்கு வாருங்கள். கடற்படை ஹெலிகாப்டர்கள், ஓட்டியவர்கள் பெரும்பாலும் மரீன் படையினர், விமானப்படையின் சி-130 சரக்கு விமானங்கள், தரைப்படையின் டெல்டா என்ற சிறப்புப் படை வீரர்கள். மொத்தத் தளபதி ஜெனரல் வாட் எகிப்தில். இத்தனை பேரும் ஒன்றாகச் சேர்ந்து முழு ஒத்திகை பார்த்ததே இல்லை. ஊர் கூடித் தேர் இழுக்கலாம்; முட்டுக்கட்டை போடுகிறவர் யாரென்று தெரிய வேண்டாமா? இருட்டிலும் இரைச்சலிலும் தளத்தின் பொறுப்பாளரை அடையாளம் காண ஒரு குறிகூட இல்லை. ஹெலிகாப்டரை விட்டுவிட்டு வா என்ற உத்தரவையே, சொல்வது யாரென்று தெரியாமல் விமானிகள் சந்தேகித்தார்கள். திரும்பும் ஏற்பாட்டில் ஒரு ஹெலிகாப்டர் சி-130 மீது மோதி 8 பேர் இறந்தார்கள். ஐந்து ஹெலிகாப்டர்கள் ரகசிய ஆவணங்களோடு அங்கேயே கிடந்தன.

பழுதுதான் காரணம் என்றால் புது ஹெலிகாப்டர் வாங்கியதோடு விட்டிருக்கலாமே? 1986இல் கட்டளை அமைப்பையே திருத்தும் கோல்ட்வாட்டர்-நிக்கல்ஸ் சட்டமும், 1987இல் சிறப்புப் படைகளுக்கென ஒரே தலைமையகமும் எதற்காக வந்தன? எதிரணி அதற்குப் பதில் சொல்லட்டும்.