குறிப்பின் கடைசி இரண்டு எழுத்து

வணக்கம் நேயர்களே. 2021 ஜூலையில் நம் டர்பன் துறைமுகத்தில் கண்டெய்னர் வேலை முடங்கியது நினைவிருக்கும். தென்னாப்பிரிக்கத் துறைமுகங்களை நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட்டின் கணினிகள் மேல் நடந்த தாக்குதல்தான் காரணம். அது பெரிய இடத்து விவகாரம் என்று விட்டுவிட்டோம். நான் சொல்ல வந்தது இதே டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில், ஒரு பஜனைக் குழுவின் பழைய லேப்டாப்பைப் பற்றி.

குழுவின் பெரியவர் போன் செய்தார். "தம்பி, விண்டோஸ் அப்டேட் ஓடுச்சு. அப்புறம் ஒரு பாட்டும் திறக்கல." போய்ப் பார்த்தேன். எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக நான்கு எழுத்து ஒட்டியிருந்தது. ஃபோல்டருக்கு ஒன்றாக 'ரீட்மி' என்று ஒரு குறிப்பு: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் கொடுத்தால் 490. போலி அப்டேட் திரை, இந்தத் தொகை, குறிப்பின் பெயர் மூன்றும் சேர்ந்தால் 'ஸ்டாப் டிஜேவியு' என்ற ரான்சம்வேர்தான், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ். பெரும்பாலும் கிராக் செய்த, அதாவது காசு கொடுக்காமல் ஓடும்படி திருட்டுத்தனமாக மாற்றிய, மென்பொருளோடு உள்ளே வரும். பேரன் ஏதோ இறக்கியிருந்தான். பையனைத் திட்டாதீர்கள் என்றேன்.

பெரியவர் அந்தக் குறிப்புகளை அழிக்கப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன். அதன் அடியில் நீளமான அடையாள எண் ஒன்று இருக்கும். இணையம் கிடைத்தால் இந்த வைரஸ் ஒவ்வொரு கணினிக்கும் தனிச் சாவி வாங்கிப் பூட்டும். கிடைக்காவிட்டால் தன்னிடம் உள்ள பொதுச் சாவியால் பூட்டும்; அப்போது எண் 'டி1' (t1) என்று முடியும். அன்று லோட் ஷெட்டிங், முறை வைத்து வரும் மின்வெட்டு. ரவுட்டர் அணைந்து, லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடியிருக்கிறது. எண்ணின் கடைசியில் டி1! அந்தப் பொதுச் சாவி கிடைத்துவிட்டால், எம்சிசாஃப்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் தரும் இலவசக் கருவியே பூட்டைத் திறக்கும்.

உங்களுக்கு வந்தது எந்த வகை என்று தெரியவில்லையா? உடனே இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு கணினியிலிருந்து 'ஐடி ரான்சம்வேர்' தளத்தில் அந்தக் குறிப்பையும் பூட்டிய கோப்பு ஒன்றையும் ஏற்றுங்கள், வகையைச் சொல்லும். நெதர்லாந்து போலீசும் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் சேர்ந்து 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் இலவசக் கருவிகள் இருக்கின்றன. பாஸ்வேர்டுகளையும் மாற்றிவிடுங்கள். இந்த வைரஸோடு கூடவே பாஸ்வேர்டு திருடும் மென்பொருளும் வரக்கூடும்.

எங்கள் வகைக்குச் சாவி இன்னும் வரவில்லை. ஆனால் இது ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவைத்தான் பூட்டுகிறது. அதனால் நீளமான ஒலிப்பதிவுகளைச் சரிசெய்ய முடிந்தது. முருகன் பாட்டு ஒவ்வொன்றிலும் சுருதிப்பெட்டி ஒலிக்கும் முதல் சில வினாடிகள் மட்டும் இல்லை. பூட்டிய மூலக் கோப்புகளை, குறிப்போடு சேர்த்து, ஒரு பென்டிரைவில் போட்டுப் பெரியவர் தன் பீரோவில் வைத்திருக்கிறார்.