தெருவில் சாவு விழுந்தால் ஷட்டர் இறங்கும்

நடுவர் ஐயாவுக்கும், எதிரே உட்கார்ந்திருக்கும் வேலூர் மக்களுக்கும் வணக்கம்.

ஒரு பெருந்துயரம் நடந்த பிறகு கடைகள் வன்முறை வீடியோ கேம் விற்பதை நிறுத்த வேண்டுமா என்பது தலைப்பு. நிறுத்தத்தான் வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தம்பி எனக்கு முன்னால் நன்றாகவே பேசினார், கேம் ஆடுகிறவன் எல்லாம் கொலைகாரன் ஆகிவிடுவதில்லை, ஜப்பானிலும் கொரியாவிலும் ஊரே ஆடுகிறது, அங்கே துப்பாக்கிச் சாவு எவ்வளவு குறைவு பாருங்கள் என்றார். சரி, ஒப்புக்கொள்கிறேன். கேம்தான் கொலை செய்ய வைத்தது என்று நான் சொல்லப் போவதே இல்லை. நான் பேச வந்தது துக்கத்தைப் பற்றி.

சில வருடங்களுக்கு முன் சைதாப்பேட்டையில் எங்கள் தெருப் பையன் ஒருவன் பைக் விபத்தில் போய்விட்டான். மளிகைக் கடை, டெய்லர் கடை, டீக்கடை எல்லாம் பாதி ஷட்டரை இறக்கிவிட்டார்கள், யாரும் போய்ச் சொல்லவில்லை. நாலு வீடு தள்ளியிருந்த கேம் சென்டர் மட்டும் திறந்திருந்தது, உள்ளே பெரிய ஸ்பீக்கரில் படபடவென்று சுடுகிற சத்தம். பையனைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டி மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்த அவன் அம்மா ஒவ்வொரு வெடிக்கும் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். கடைசியில் பூ விற்கிற ஆயாதான் எழுந்து போய், "இன்னாபா, கொஞ்ச நேரம் நிறுத்தக்கூடாதா?" என்று கேட்டார். சத்தம் நின்றது. கடைக்காரர் கெட்டவர் கிடையாது, அவருக்குத் தோன்றவில்லை. ஆனால் 'என் கேமா அவனைக் கொன்றது?' என்று அவர் ஆயாவிடம் வாதம் செய்யவில்லை, அது எனக்கு இன்றைக்கும் பெரிதாகத் தெரிகிறது.

2011 ஜூலை 22 அன்று நார்வேயில் ஒருவன் ஆஸ்லோவில் குண்டு வைத்து 8 பேரையும், உடோயா தீவில் இளைஞர் முகாமுக்குள் புகுந்து சுட்டு 69 பேரையும் கொன்றான். அந்த நாட்டுக் கூட்டுறவுக் கடைகளான கூப், கேம்களும் பொம்மைத் துப்பாக்கிகளுமாக 51 வகைச் சரக்கை அலமாரியிலிருந்து எடுத்து வைத்தது. அரசு உத்தரவு போட்டு அல்ல, கடையே எடுத்த முடிவு. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் பால் வாங்க வருகிற இடம் அது, அங்கே துப்பாக்கி நீட்டிக்கொண்டு நிற்கிற அட்டைப்பெட்டியா கண்ணில் பட வேண்டும்?

2019 ஆகஸ்டில் அமெரிக்காவின் எல் பாசோவில், வால்மார்ட் கடைக்கே வந்து ஒருவன் சுட்டதில் 23 உயிர் போனது. அந்த நிறுவனம் வன்முறை கேம் விளம்பரங்களை எடுக்கச் சொன்னது, கேமையும் விற்றது, துப்பாக்கியையும் விற்றது. கண்துடைப்பு என்றார் தம்பி. கண்துடைப்புதான், போஸ்டரைக் கிழித்துவிட்டுத் துப்பாக்கியை வைத்திருந்தார்களே என்று எனக்கும் வயிறு எரிகிறது. அடுத்த மாதம்தான் கைத்துப்பாக்கித் தோட்டாவை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அரைகுறையாகச் செய்தார்கள் என்று திட்டுங்கள், செய்ததே தப்பு என்று எப்படி ஆகும்?

அப்புறம், கலிஃபோர்னியாவில் சிறுவர்களுக்கு இந்த கேம்களை விற்கக் கூடாது என்ற சட்டத்தை 2011-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே 7-க்கு 2 என்று தள்ளிவிட்டதே என்றார்கள். அது அரசு போட்ட தடை. கடைக்காரர் தன் அலமாரியைத் தானே காலி செய்வதற்கு எந்த நீதிமன்றம் குறுக்கே நின்றது? போனிலேயே எல்லாம் கிடைக்கிறதே என்றால், போனில் இருப்பதும் கடைதான், அதன் முகப்பிலிருந்தும் எடுக்கட்டும்.

எதிரணி அக்கா, திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதப் போரின் முடிவை நடித்துக் காட்டுகிற படுகளத்தைச் சொன்னார். நம் வடாற்காட்டில் பாரதக் கூத்து பார்த்து வளராதவர் யார், மண்ணால் செய்த துரியோதனன் தொடையைப் பீமன் பிளப்பதைக் குழந்தைகளும் பார்க்கிறார்களே, கெட்டா போனார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அக்கா, கொடி ஏறிய பிறகு அந்த ஊரில் ஒரு சாவு விழுந்தால் என்ன நடக்கும்? கோயில் நடை சாத்துகிறார்கள். வேஷம் கட்டினவர் காத்திருக்கிறார், பதினெட்டாம் நாள் சண்டை காத்திருக்கிறது, திரௌபதி கூந்தலை முடியாமல் காத்திருக்கிறாள். பிணத்தை எடுத்து, தெருவைக் கழுவிவிட்ட பிறகுதான் மத்தளத்தில் கை வைப்பார்கள்.