சிறு தொகையும் சரியான தேதியும்

பல்கலைக்கழகப் பதிவாளர்களே, நிதிப்பிரிவு நண்பர்களே,

உதவித்தொகை கிடைத்த மாணவரும் ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்? கட்டணம் உதவித்தொகையில் கழிந்துவிடும். அறை வாடகையும் தேர்வுக் கட்டணமும் பயணச் செலவும் கழியாது. வாடகையை முதல் வாரமே கேட்பார்கள். உதவித்தொகை வர இரண்டு மாதம் ஆகும். வட்டிக்கடன் அந்த இடைவெளியில்தான் நுழைகிறது.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் ‘அசாப்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. இரண்டாண்டுப் படிப்பில் முழுநேரம் படிப்போருக்குக் கட்டணத்தில் விழும் துண்டு, பாடநூல், பயண அட்டை, அடிக்கடி சந்தித்தே ஆகவேண்டிய ஓர் ஆலோசகர். குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தார்கள். மூன்றாண்டில் பட்டம் பெற்றவர்கள் திட்டத்தில் 40 சதவீதம், வெளியே 22. இதில் எது ஒன்றையும் தனியே எடுத்து நடத்தினால் அதே பலன் வரும் என்று எண்ணிவிடாதீர்கள்.

அவசர நிதி பல இடங்களில் பெயருக்கு இருக்கிறது. குழு மாதம் ஒருமுறை கூடும். வருமானச் சான்று, பரிந்துரைக் கடிதம் என்று ஐந்து தாள் கேட்கும். அதற்குள் மாணவர் ஊருக்குப் போயிருப்பார். ஒரே பக்கப் படிவம், முடிவெடுக்க ஓர் அலுவலர், இரண்டு வேலைநாள் கெடு, திருப்பித் தர வேண்டாத தொகை. இவ்வளவு போதும். மேடையில் காசோலை நீட்டிப் படம் எடுப்பதை விட்டுவிடுங்கள். அதற்குக் கூச்சப்பட்டே கேட்காமல் இருப்பவர்கள் உண்டு.

படிவத்தை எடுத்து நீட்டினால் மட்டும் போதாது. அமெரிக்காவில் வரிக்கணக்கு அலுவலகங்களில் ஒரு சோதனை நடந்தது. கல்வி உதவிப் படிவத்தை அங்கேயே நிரப்பிக் கொடுத்த குடும்பங்களில் கல்லூரி சேர்வோர் கூடினார்கள். வெறும் தகவல் பெற்ற குடும்பங்களில் மாற்றமில்லை.

பாக்கிக்காகச் சான்றிதழை நிறுத்திவைப்பது விசித்திரமான விதி. சான்றிதழ் இல்லாமல் வேலை இல்லை, வேலை இல்லாமல் பாக்கி தீராது. சான்றிதழைக் கொடுத்துவிட்டுத் தவணை எழுதி வாங்குங்கள்.

சுற்றுப்புற மக்களுக்கு? பல்கலைக்கழகம் அவர்களுக்கும் உதவலாம். முகாம் நடத்துவதைவிட உங்கள் கொள்முதலை அவர்கள் பக்கம் திருப்புங்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பல்கலைக்கழகமும் மருத்துவமனைகளும் அறக்கட்டளையும் கைகோத்ததில், 2009-இல் தொழிலாளரே உரிமையாளராக உள்ள சலவைக் கூட்டுறவு பிறந்தது. நம்மிடம் சறுக்குவது ஒப்பந்தப்புள்ளியில். ஆண்டு முழுமைக்கும் ஒரே ஒப்பந்தம், பெரிய வைப்புத்தொகை, மூன்று மாதம் கழித்துப் பணம் என்றால் சிறிய குழு உள்ளேயே வராது. விடுதி வாரியாக ஒப்பந்தத்தைப் பிரியுங்கள்; வைப்புத்தொகையைக் குறையுங்கள்; பில் வந்த 15 நாளில் பணம் கொடுங்கள். இதற்குப் புதிய நிதி வேண்டாம், கணக்குப்பிரிவில் ஒரு சுற்றறிக்கை போதும்.