வெல்ஸைப் படித்திருந்த விஞ்ஞானி

நண்பர்களே, வணக்கம்.

அறிவியல் புனைகதையைப் பஞ்சாங்கம் மாதிரி புரட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எழுதியது பலித்ததா, எந்த வருஷம் பலித்தது என்று கணக்குப் பார்க்கிறோம். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. ஏன் என்று சொல்ல ஒரே ஒரு நாவல் போதும்.

ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1914-இல் வெளியிட்ட 'தி வேர்ல்ட் செட் ஃப்ரீ'. அதில் அணுகுண்டு வருகிறது. எப்படி வருகிறது என்று பாருங்கள். விமானத்தில் இருப்பவன், கைப்பிடி வைத்த கறுப்பு உருண்டை ஒன்றைத் தூக்குகிறான். குனிந்து, அதன் செல்லுலாய்டு முளையைப் பல்லால் கடித்து எடுக்கிறான். உள்ளே காற்றுப் புகுந்ததும் கீழே போடுகிறான். அந்தக் குண்டு ஒரே வெடிப்பில் அடங்குவதில்லை. 17 நாளில் வேகம் பாதியாகும், அடுத்த 17 நாளில் அதிலும் பாதி. அப்படியே கொதித்துக்கொண்டு கிடக்கும். ஹிரோஷிமாவில் விழுந்தது இப்படிப்பட்ட குண்டே அல்ல.

ஆனால் அந்த நாவலில் இன்னொன்றும் இருக்கிறது. பாதி நகரத்தை அழிக்கும் சக்தி ஒரு கைப்பைக்குள் அடங்கிவிட்ட பிறகும், அரசுகள் பழைய புத்தியோடு சண்டைக்குக் கிளம்புகின்றன. வெல்ஸ் உண்மையில் பயந்தது இதற்குத்தான்.

லியோ சிலார்டு என்ற ஹங்கேரிய இயற்பியலாளர் இந்த நாவலை 1932-இல் படித்தார். மறுவருஷம் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி லண்டன் வந்தார். அணுவிலிருந்து சக்தி எடுக்கலாம் என்பது வெறும் பிதற்றல் என்று பிரபல அணு இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டு பேசிய செய்தியை அங்கே பேப்பரில் பார்த்தார். அந்த நாட்களில்தான் ஒரு தெருவைக் கடக்கும்போது தொடர்வினை, அதாவது ஒரு அணுவில் நடப்பது அடுத்தடுத்த அணுக்களையும் தூண்டிக்கொண்டே போவது, பற்றிய யோசனை அவருக்கு உதித்தது. 1934-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். வேறொருவராக இருந்தால் ஊரெல்லாம் சொல்லியிருப்பார். சிலார்டு அதை ரகசியமாக வைக்கச் சொல்லி பிரிட்டிஷ் கடற்படையிடம் ஒப்படைத்தார். வெல்ஸைப் படித்திருந்ததால் இது எங்கே போய் முடியும் என்று தெரிந்தது என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். ஒரு கதை எதிர்காலத்துக்குச் செய்யக்கூடிய வேலைகளில் இதைவிடப் பெரியதாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அதனால் குண்டு நின்றுவிட்டதா? இல்லை. ஹிட்லர் முந்திவிடுவான் என்ற பயத்தில், அமெரிக்கா அணு ஆராய்ச்சியை வேகப்படுத்த வேண்டும் என்று 1939-இல் ஐன்ஸ்டைன் கையெழுத்தோடு அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்குப் போன கடிதத்துக்குப் பின்னால் இருந்தவரும் இதே சிலார்டுதான். 1945 ஜூலையில், ஜப்பான்மீது குண்டைப் போட அவசரப்பட வேண்டாம் என்று மனு எழுதியவரும் அவர்தான். 70 விஞ்ஞானிகள் கையெழுத்திட்டார்கள். ஹிரோஷிமாவுக்கு முன் அது அப்போதைய அதிபர் ட்ரூமன் கண்ணில் படவில்லை.

போருக்குப் பிறகு சிலார்டு அணு இயற்பியலை விட்டு உயிரியலுக்குப் போனார். கூடவே கதை எழுதவும் உட்கார்ந்தார். 1961-இல் அவருடைய தொகுப்பு ஒன்று வந்தது. அதன் தலைப்புக் கதையில், வல்லரசுகள் எப்படி ஆயுதத்தைக் கீழே வைத்தன என்பதை, இனி வரப்போகும் ஒரு காலத்தில் இருந்துகொண்டு ஒருவர் வரலாறாகச் சொல்கிறார். தன் காலத்து அரசுகளுக்கு மனு எழுதிப் பார்த்த மனிதர், கடைசியில் வெல்ஸின் வழிக்கே வந்து சேர்ந்தார்.